பூட்டிய வாசலுக்கு வெளியே நின்றவர்

இயேசுவுக்குள் என் சகோதரங்கள் அனைவருக்கும் வணக்கம். சாட்சி சொல்ல வருகிறவன் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்லப் போவதில்லை. என் மனைவியின் பெயரையும் எழுத மாட்டேன். அவள் வீட்டு வேலை செய்கிற வளைகுடா நாட்டின் பெயரும் இதில் வராது. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும். குண்டசாலைப் பக்கத்துக் கோயில் ஒன்றில் நான் மைக் பார்க்கிறேன், எல்லோரும் என்னை மைக் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் போதும்.

சென்ற ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவியின் போன் நின்றது.

அவள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் பேசுவாள். அன்று அந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வெளியே போவார்கள். பல்லேகல தொழிற்சாலையில் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது மகள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக் காத்திருப்பாள். அவள் உயர்தர வகுப்பு, ஏ.எல்., படிக்கிறாள். அம்மாவும் மகளும் பேசி முடித்த மிச்சத்தைத்தான் எனக்குத் தருவார்கள். அன்று அழைப்பு வரவில்லை. நான் வட்ஸ்அப்பில் எழுதியதற்கு ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது. சனிக்கிழமையும் அதே ஒன்றுதான். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

எனக்குக் காரணம் தெரியும்.

ஒக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு வரும். உலகம் முழுவதும் நற்செய்தி போகவும், அதைக் கொண்டு போகிறவர்களுக்காகவும் செபிக்கிற ஞாயிறு. எங்கள் பங்குக் கோயிலில் வழிபாட்டுக் குழு அதைத் திட்டமிடும். ஐந்து கண்டங்களுக்கு ஐந்து நிற மெழுகுதிரிகளை வாசலிலிருந்து பவனியாகக் கொண்டு வருவது எங்கள் வழக்கம். அந்த முறை இயேசுவின் சீடராக வாழ்வதையும் சேர்த்து, புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ரீட்டா டீச்சர் சொன்னார். குழுவுக்குத் தலைவி அவர்தான். தன் பெயரை மறைக்காமல் எழுதச் சொன்னதும் அவர்தான். நல்ல மனுசி. ஆனால் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் காற்புள்ளி கூட வைக்க மாட்டார்.

"நம்ம பங்குல இருந்து யாரும் மிஷனரியா போகலைனு யாரு சொன்னது? வீட்டு வேலைக்குப் போன பொம்பளைங்க மிஷனரி இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கே அது பிடித்திருந்தது. டீச்சர் என் மனைவியிடம் நேரடியாகக் கேட்டு ஒரு குரல் பதிவு வாங்கினார். அவளும் சந்தோசமாகப் பேசி அனுப்பிவிட்டாள். அந்தப் பதிவில் அவள் சொன்னது இதுதான். "மொட்டை மாடியில துணி காயப்போடுற எடத்துல நாங்க மூணு பேரு செபமாலை சொல்றோம். கையில மணி இல்ல. வெரலத்தான் எண்ணுறோம். மூணாவதா இருக்கிற பிள்ளைக்கு முன்னாடி ஏசுவைத் தெரியாது. என்ன எண்ணுறீங்கன்னு கேட்டு வந்து நின்னுச்சு. இப்ப அதுதான் எங்களுக்கு முன்னாடி மாடிக்கு ஏறுது."

பூசையில் போடுவதற்காக வாங்கிய பதிவு அது. டீச்சருக்கு ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. என் மனைவியின் கல்யாணச் சேலைப் படத்தைப் போட்டு, பெயர், நாடு, நகரம் எல்லாவற்றையும் எழுதி, 'எங்கள் பங்கின் மிஷனரி' என்று ஒரு படம் செய்து, பதிவையும் சேர்த்துப் பங்கு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நம்மவர்கள் நல்ல செய்தி கிடைத்தால் சும்மா விடுவார்களா? பொழுது விடிவதற்குள் அது நுவரெலியாவில் இருக்கிற என் மச்சான் வழியாக எனக்கே திரும்பி வந்தது. பேஸ்புக்கிலும் ஏறியிருந்தது. அதே நாட்டில் வேலை செய்கிற என் சித்தப்பா மகன் பதறிப்போய் அழைத்தான்.

"அண்ணே, இதை யாரு போட்டது? உடனே எடுக்கச் சொல்லுங்க. இங்க வேற மதத்து ஆளைச் செபத்துக்குச் சேர்த்தா என்ன செய்வாங்கன்னு தெரியுமா? அண்ணி வேலை செய்ற வீட்டு டிரைவர் நம்ம தெல்தெனியப் பக்கத்து முஸ்லிம் ஆளு. அவனுக்கும் இது போயிருக்கு."

அந்த வெள்ளிக்கிழமைதான் போன் நின்றது.

டீச்சர் படத்தை அழித்தார். ஆனால் கொட்டிய பாலை யார் அள்ளுவது? திங்கட்கிழமை, அவளை வேலைக்கு அனுப்பிய கண்டி டவுன் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "உங்க வைஃப் அந்த வீட்டுல இல்லையாம். பாஞ்சிட்டாங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் ஓடிப்போவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அப்படி ஓடினால் பொலிஸ் தேடும். ஓடவில்லை என்றால் அவள் எங்கே? யார் கூட்டிக்கொண்டு போனது? நான் கேட்கக் கேட்க அந்தப் பெண் "தெரியாது சார்" என்றே சொன்னாள். போனை வைத்த பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் சொல்லவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் குழு கூடியது. நான் போயிருக்கக் கூடாது. மன்றாட்டு நேரத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரையும் நாட்டையும் வாசித்து ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு ஏற்றுவதாகப் பழைய திட்டம். எங்கள் கோயிலில் பூசையில் பெயர் வாசித்தால் அது பெரும்பாலும் இறந்தவர்களுக்காகத்தான். அந்த வரிசையில் என் மனைவியின் பெயரைக் கண்டதும் எழுந்துவிட்டேன்.

"போதும் டீச்சர். நீங்க ஒரு தடவை பேரைச் சொன்னதே போதும்" என்று கத்தினேன். இன்னும் பலதும் கத்தினேன். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து இருந்தார். ஃபாதர் என் தோளில் கை வைத்தார். அதைத் தட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் செல்வம் அண்ணன் உள்ளே வந்தார். அவர் கோயில் கேட்டைப் பார்க்கிறவர். ஈஸ்டர் அன்று கோயில்களில் குண்டு வெடித்த பிறகு எங்கள் வாசலிலும் பை பார்க்காமல் யாரையும் விடுவதில்லை. புது முகம் என்றால் கேட்டைப் பூட்டியே வைப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

"தம்பி, கறுப்பு அபாயா போட்ட ஒரு பொம்பளை கேட்டுக்கு வந்துச்சு. கையில பெரிய பை. மைக் பார்க்கிறவரைப் பார்க்கணுமாம். என்ன விசயம்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. பையைத் திறக்கச் சொன்னேன், தயங்குச்சு. போயிரும்மான்னு அனுப்பிட்டேன்."

எல்லோருக்கும் தெல்தெனிய டிரைவர்தான் நினைவுக்கு வந்தார். அவர் வீட்டு ஆட்கள் என்னத்துக்கு என்னைத் தேட வேண்டும்? வீட்டுக்காரரிடம் காட்டிக் கொடுத்தது போதாது என்று இங்கேயும் மிரட்ட வந்தார்களா? ஒருவர் பொலிஸுக்குச் சொல்லலாம் என்றார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரைக் கூடுதலாக நிறுத்தலாம் என்றார். கடைசியில், பவனி உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவது என்று முடிவானது. உலகெங்கும் போங்கள் என்று பாடுகிற பூசைக்கு நாங்கள் போட்ட திட்டம் அது. அன்று எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

"யாரு, எங்கிருந்து வந்தாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று ஃபாதர் மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து மகள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அப்பா, அந்தப் பொம்பளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நிக்கிறாங்க. நீ மைக் பார்க்கிறவர் மகளான்னு கேட்டாங்க. நான் ஓடியாந்துட்டேன்."

நான் இறங்கிப் போனபோது தெல்தெனிய பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் யாரும் இல்லை. பனிமூட்டம் ரோட்டுக்கு இறங்கி எதிரே இருந்த கடை கூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து மகளைத் தனியாக எங்கும் விடவில்லை. ஜன்னல்களைச் சாத்தி வைத்தோம். தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எடுத்தால் எதிர்ப்பக்கம் ஒன்றும் கேட்காது. அது விளம்பர அழைப்பாகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு எல்லாமே சாவுச் செய்திக்கு முன்னால் வருகிற அமைதியாகப் பட்டது.

செபித்தேனா என்று கேட்பீர்கள். செபித்தேன். ஆனால் செபமாலையை முடிக்க முடியவில்லை. பாதியில் டீச்சரின் முகம் வரும், கோபம் வரும், எங்கே விட்டேன் என்று தெரியாது. கடைசியில் மணிகளை வைத்துவிட்டு என் மனைவியைப் போலவே விரல்களை எண்ணினேன். கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஆண்டவரே, ஒரு போன் வரட்டும். அவள் குரல் வரட்டும். வேறு ஒன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மறுபடி வந்தது. போன் வரவில்லை. கடவுள் கூட என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார் போலிருக்கிறது என்று மகள் காதுபடவே சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதாள்.

சனிக்கிழமை டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. முகம் வாடிப்போயிருந்தது. ஒரு கிழமையாக உபவாசம் என்று பிறகுதான் தெரிந்தது. "பேரு வாசிக்க வேணாம் தம்பி. குரலும் போட வேணாம். நான் மைக்ல வந்து சும்மா நிக்கிறேன். அவங்கவங்க மனசுல சொல்லிக்கட்டும்" என்றார். சரி என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மெழுகுதிரிகளில் மூன்று வாசலிலேயே அணைந்தன. பவனி உள்ளே வந்ததும் செல்வம் அண்ணன் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் வழக்கம்போல் பக்கக் கதவுக்கு அருகில், அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கேட் நன்றாகத் தெரியும். இயேசு தம் சீடர்களை எல்லா மக்களிடமும் அனுப்புகிற வாசகம் வாசிக்கப்பட்டது. போனவர்களுக்கு என்ன நடந்தது என்று யாராவது வாசிக்க மாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது.

மன்றாட்டு வந்தது. ரீட்டா டீச்சர் மைக்குக்கு முன்னால் வந்தார். "வெளிநாட்டுல இருக்கிற நம்ம பிள்ளைகளுக்காக" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலே அமைதியாக இருந்தது. ஒலிபெருக்கியின் மெல்லிய இரைச்சலும் தகரத்தில் விழுகிற மழையும்தான் கேட்டன. நான் மனதுக்குள் அவள் பெயரைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன்.

கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். கறுப்பு அபாயா, கையில் அதே பை, தலைக்கு மேல் ஒரு குடை. செல்வம் அண்ணன் உள்ளேயிருந்து போ, போ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடம் எனக்குள் என்ன நடந்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. பயம் போகவில்லை. ஆனால் 'எழுந்து போ' என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. கெட்ட செய்தி என்றாலும் அது என் மனைவியின் செய்தி. அதைக் கேட்டைப் பூட்டி வெளியே நிறுத்த எனக்கு உரிமை இல்லை. மழையில் இறங்கி நடந்தேன்.

"கேட்டைத் திறங்கண்ணே."

"வேணாம் தம்பி. பூசை முடியட்டும். பையில என்ன இருக்கோ."

அவர் சட்டைப் பையில் நானே கையை விட்டுச் சாவியை எடுத்தேன். பூட்டைத் திறக்கப் பெரும்பாடு பட்டேன். அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனார். அவருக்கும் பயமாக இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"மைக் பார்க்கிறவர் நீங்களா?"

"ஆமா."

"உங்கட ஊட்டுக்காரி நல்லா ஈக்கிறாங்க. பயப்பட வேணாம் எண்டு செல்லச் சொன்னாங்க."

மனைவி நல்லா இருக்கிறாள், அப்படிச் சொல்லச் சொன்னாளாம். நான் நம்பவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தெப்பமாக நனைந்திருந்தேன்.

"மழைக்குக் குடை கொண்டு போக மாட்டீங்களாம். அலுமாரிக்கு மேல ஈக்குதாம். எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போகச் செல்லுங்க எண்டாங்க. இதைச் சொன்னா நீங்க நம்புவீங்களாம்" என்றார்.

வெளிநாட்டுக்குப் போகிற அன்று என் மனைவி ஒரு புதுக் குடையை அலுமாரிக்கு மேல் வைத்து, இதையாவது எடுங்க என்று என்னோடு சண்டை போட்டாள். அது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். நான் அந்த ரோட்டிலேயே முழங்காலில் விழுந்தேன். அழுதேன். வெட்கமே இல்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அந்தச் சகோதரி குனிந்து தன் குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

நடந்தது இதுதான். அந்த டிரைவர் இவருடைய கணவர். எங்கள் கண்டியில் சுற்றிய அந்தப் பதிவு அவருக்கும் போனது. படத்தையும் பெயரையும் பார்த்ததும் அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. காட்டிக் கொடுக்கவில்லை. என் மனைவியிடம் போய், "போனைத் துடைச்சிட்டு சிம்மைக் கழட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் தொட வேணாம்" என்றாராம். அன்றே அந்த வீட்டு அம்மாவின் தம்பி வந்து வேலைக்காரப் பெண்களின் போன்களை வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்தத் தெருவில் எந்த வீட்டிலோ செபம் நடக்கிறது என்று கதை பரவியிருந்தது. என் மனைவியின் போனில் ஒன்றுமில்லை. பிறகு அந்த அம்மா தன் தாய்க்குச் சுகமில்லை என்று அவளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் என் மனைவி குடை விசயத்தைச் சொல்லி அந்த டிரைவரிடம் சேதி கொடுத்திருக்கிறாள். அதனால்தான் ஏஜென்சிக்கு அவள் வீட்டில் இல்லை என்று பதில் வந்தது.

"போன்ல செல்ல வேணாம், எழுதவும் வேணாம், வேற யார்ட்டயும் செல்ல வேணாம், அவர்ட மட்டும் நேர்ல போய்ச் செல்லு எண்டாரு. உங்கட பேரும் சரியாத் தெரியல்ல. கோயில்ல மைக் பார்க்கிறவர் எண்டு மட்டும்தான் தெரியும். இது மூணாவது தரம் வாறன்" என்றார் அந்தச் சகோதரி. செல்வம் அண்ணன் பையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சகோதரியே திறந்து காட்டினார். தன் உம்மாவுக்கு வாங்கிய மருந்தும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்தான் இருந்தன.

சகோதரங்களே, நான் இரவும் பகலும் ஒரு போன் கேட்டேன். அந்தக் கிழமை அந்தப் போன் வந்திருந்தால் என் மனைவி அகப்பட்டிருப்பாள். நான் எதைப் பார்த்து நடுங்கினேனோ அதைக் கொண்டே ஆண்டவர் அவளை மூடி வைத்திருந்தார். பதிலையும் அவர் அனுப்பிவிட்டார். அது பஸ் ஏறி, மழையில் நனைந்து, எங்கள் வாசலுக்கே வந்தது. திட்டம் போட்டுப் பூட்டியது நாங்கள்.

உள்ளே மைக் வீல் என்று கத்தத் தொடங்கியிருந்தது. பார்க்க ஆள் இல்லையே. செல்வம் அண்ணன் ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டு வந்து பக்க வராந்தாவில் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். பூசை முடிந்ததும் ரீட்டா டீச்சர் வந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் அந்தச் சகோதரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூன்று பேரும் தேநீர் குடித்தோம். ஒரு கிழமைக்குப் பிறகு டீச்சர் வாயில் வைத்த முதல் ஆகாரம் அதுதான். என் கோபம் எந்த வழியால் போனது என்று எனக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை புது இலக்கத்திலிருந்து போன் வந்தது. அவள் முதலில் கேட்டது, "குடையை எடுத்தீங்களா?"

அவள் இன்னும் வரவில்லை. ஒப்பந்தம் முடிய வேண்டும். மாடியில் செபம் நடக்கிறதா என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அந்த டிரைவருக்காகவும் அவர் மனைவிக்காகவும் நாங்கள் தினமும் செபிக்கிறோம். அவர்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. அந்தக் கோபத்தில் நான் அவர்களைப் பற்றி நினைத்ததையெல்லாம் ஆண்டவர் மன்னிக்க வேண்டும்.

இந்த வருட மறைபரப்பு ஞாயிற்றுக்கு மறுபடியும் குழு கூடியிருக்கிறோம். பெயர் வாசிப்பதில்லை, அமைதியாக நிற்போம் என்று டீச்சரே முதலில் சொன்னார். பூசை முடியும் வரை கேட் திறந்திருக்கும். செல்வம் அண்ணன் பை பார்ப்பார், அது அவர் வேலை. ஆனால் அதற்கு முன்னால், "வாங்க, யாரைத் தேடி வந்தீங்க?" என்று கேட்பார். அந்தக் கதிரை இப்போது கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது கேட்ட செபத்துக்குப் பதில் வராமல் இருக்கலாம். கைவிடாதீர்கள். உங்கள் வாசலைப் போய்ப் பாருங்கள். நீங்கள் பயந்து திருப்பி அனுப்பியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். என் ஆண்டவர் உங்களுக்கும் ஆண்டவர்தான். வெள்ளிக்கிழமைகளில் நேரம் இருந்தால், துணி காயப்போடுகிற ஒரு மாடியில் விரல்களை எண்ணுகிற பெண்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். பெயர் கேட்காதீர்கள். இதை யாருக்காவது சொல்ல ஆசைப்பட்டால், போனில் தட்டி அனுப்பாமல், பஸ் ஏறிப் போய் நேரில் சொல்லுங்கள்.